ஓட்டையை அடைக்கிறதா, மாடி கட்டுகிறதா?

கும்பகோணத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு ஹார்ட்வேர் கடை இருக்கிறது. ஆணி, போல்ட், நட்டு, கீல், தாழ்ப்பாள், பி.வி.சி. பைப், பெயின்ட் பிரஷ். முப்பது வருஷம் நோட்டில் கணக்கு எழுதிய மனுஷர். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் நோட்டை மூடி, கம்ப்யூட்டரைத் திறந்தார். "ஹார்ட்வேர் கடைக்கே ஸாஃப்ட்வேர் வந்துடுச்சு பாத்தியா" என்று இதுவரை சுமார் நானூறு பேரிடம் சொல்லியிருப்பார். யாராவது ஒருவர் சிரிப்பார் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் போகவில்லை.

இப்போது அவர் உபயோகிக்கும் ப்ரோக்ராமை வாங்கித் தந்தவன் அடியேன். 'வாங்கி' என்பது தப்பு. காசு கொடுக்கவில்லை. என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு கம்பெனியில் பகலெல்லாம் ப்ரோக்ராம் எழுதுகிறான். அந்த அலுப்புத் தீர ராத்திரி வீட்டுக்கு வந்து ப்ரோக்ராம் எழுதுகிறான். (லாரி டிரைவர் லீவு நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது மாதிரி.) அப்படி அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து எழுதியதுதான் அந்த பில் போடும் ப்ரோக்ராம். ஓப்பன் ஸோர்ஸ்.

ஓப்பன் ஸோர்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓட்டலில் சாம்பார் கிடைக்கும், செய்முறை கிடைக்காது. ஓப்பன் ஸோர்ஸ் என்பது செய்முறையைச் சுவரில் ஒட்டி, சமையலறைக் கதவையும் திறந்து வைப்பது. யாரும் வந்து பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் உப்பு கூட்டலாம். "இப்படிச் செஞ்சா என்ன?" என்று கரண்டியை நீட்டலாம். நீட்டிய கரண்டியை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டும் சமையல்காரர் இஷ்டம்.

அடியேன் ஒரு கரண்டியை நீட்டினேன். வினை அங்கே ஆரம்பம்.

* * *

ஒரு நாள் சித்தப்பா கடை பில்லைப் பார்த்தேன். தொகை எண்ணால் மட்டும் இருந்தது. பி.காம். படித்தவனுக்குப் பொறுக்குமா? 'ரூபாய் நானூற்று முப்பத்திரண்டு மட்டும்' என்று எழுத்தாலும் வரவேண்டாமா? மைத்துனனிடம் சொன்னேன்.

"நல்ல ஐடியா மாமா" என்றான். பத்தே நாளில் வந்துவிட்டது. சுத்தத் தமிழில்! சித்தப்பா முதல் பில்லை லேமினேட் பண்ணி மாட்டாத குறை. நானும் போகிற இடமெல்லாம் 'என் ஐடியா' என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து சித்தப்பா போனில் ஒரு மாதிரி பேசினார். "கல்லாவுல தினம் ரெண்டு ரூபா, மூணு ரூபா குறையுதுடா."

"ரெண்டு ரூபாய்தானே சித்தப்பா?"

"ரெண்டு ரூபா போனா பரவால்ல. கணக்கு ஏன் போகுது?"

நியாயமான கேள்வி. கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசமும் ஒரு லட்சம் வித்தியாசமும் ஒன்றுதான். காரணம் தெரியாத ஒரு ரூபாய்க்குப் பின்னால் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இரண்டு லட்ச ரூபாய்த் தப்புகள் உட்கார்ந்திருக்கலாம் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை மறந்துவிட்டேன். எட்டாவதோடு நிறுத்திய சித்தப்பா மறக்கவில்லை.

கல்லாவில் ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயசு. இரண்டு வருஷமாக நாணயமாக இருந்தவன். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று ஊரே சொல்கிறது. அப்புறம் மிச்சம் இருப்பது யார்? சித்தப்பா வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் கல்லாவை அவரே எண்ண ஆரம்பித்தார். மறுநாளும் எண்ணினார். பையனுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது மாதம், "வேற வேலை கெடைச்சிருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பையன் போன பிறகும் இரண்டு ரூபாய் குறைந்துகொண்டேதான் இருந்தது.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் போனவன், முகூர்த்தம் முடிந்ததும் கடையில் உட்கார்ந்து பில்களைப் பிரித்தேன். மூன்று மணி நேரத்தில் அகப்பட்டது. உதாரணம் சொல்கிறேன். நாலே கால் ரூபாய்ச் சாமான் மூன்று விதம். 9 சதவீத வரி, மத்திக்கு ஒரு தரம், மாநிலத்துக்கு ஒரு தரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டால் 38.25 காசு, காலை வெட்டினால் 38. மூன்றுக்கு 1.14. மூன்றையும் கூட்டி 12.75-க்கு ஒரே தடவையாகப் போட்டால் 1.15. பேரேடு இரண்டாவது வழியில் போட்டது. அச்சாகும் பில்லில் எழுத்தால் ரூபாய் போடுகிற அந்தப் புது சமாச்சாரம் முதல் வழியில் போட்டது. பாதி நாள் இது தெரியவே தெரியாது. ஆனால் பேரேட்டில் 51 காசு என்று வந்து, பில்லில் 49 காசு என்று வந்தால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே வரும். கல்லாவில் ஒரு ரூபாய் அம்பேல்.

ஆக, பையன் மேல் சந்தேகத்தைக் கிளப்பியது என் ஐடியா.

* * *

சென்னைக்கு வந்ததும் மைத்துனனைப் பிடித்தேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று. ப்ரோக்ராமில் இருக்கும் குறைகளையும் கோரிக்கைகளையும் வரிசையாக எழுதி வைக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. திறந்து காட்டினான். 23-ஆம் நம்பர்: 'பில் தொகையும் பேரேடும் சில சமயம் ஒத்துப்போகவில்லை.' வேறு ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் நாலு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்.

அதற்கு மேலே என்ன இருந்தது? கறுப்பு நிறத் திரை வேண்டும். பில்லில் கடை முத்திரை கலரில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் பில் போகவேண்டும். இதில் நாலு கோரிக்கை அடியேனுடையது.

"ஏண்டா மாப்ளே, இதை முதல்ல பாத்திருக்கலாமே?"

"மாமா, பக்கைத் திருத்தினா யாரும் போன் பண்ண மாட்டாங்க. புதுசா ஒண்ணு போட்டா நாலு பேர் கை தட்டுவாங்க. சம்பளம் இல்லாத வேலைக்குக் கைதட்டல்தானே சம்பளம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக் என்றால் மூட்டைப்பூச்சி. நாற்காலிக்குப் புது உறை தைத்தால் பார்த்தவர்கள் எல்லாம் புகழ்வார்கள். மூட்டைப்பூச்சியை நசுக்கினவனை யார் புகழ்ந்திருக்கிறார்கள்?

இந்தத் தொல்லை நம் மைத்துனனுக்கு மட்டும்தானா, பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சுவாரசியமாக இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

இந்த ஊரிலேயே பெரிய தலைக்கட்டு லினக்ஸ். 1991-ல் லீனஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் ஆரம்பித்தது. இன்று நம் ஆண்ட்ராய்ட் போனுக்குள் இருப்பதும் அதுதான். 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் கரண்டி நீட்டுகிறார்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதலில் இரட்டைப்படை, ஒற்றைப்படை என்று பிரித்திருந்தார்கள். 2.4 என்று இரட்டையில் முடிந்தால் நம்பி உபயோகிக்கலாம். 2.5 என்று ஒற்றையில் முடிந்தால் பரிசோதனைச் சாலை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். புது வசதிக்காக ஏறக்குறைய மூன்று வருஷம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? லினக்ஸை மூட்டை கட்டி விற்கும் கம்பெனிகள் புதுசை எல்லாம் தாங்களே பழசுக்குள் திணித்துக்கொண்டன. நிலையான பதிப்பு என்று பெயர், ஆளுக்கொரு பதிப்பு.

பட்டது போதும் என்று 2005 வாக்கில் வேறு முறைக்கு வந்தார்கள். ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் வாசல் திறந்திருக்கும். புது வசதிகள் எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் வந்து சேரவேண்டும். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஆறேழு வாரம் பழுது பார்ப்பது மட்டும்தான். வாரத்துக்கு ஒரு வெள்ளோட்டம். ஏழு அல்லது எட்டு வெள்ளோட்டம் முடிந்ததும் பதிப்பு. மறுபடி இரண்டு வாரம் கதவு திறக்கும். தவறவிட்டவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. இரண்டு மாதம் சொச்சத்தில் அடுத்த பஸ். அவசரப்பட்டு ஃபுட்போர்டில் தொங்க வேண்டாம் என்பதுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

கணக்குப் பாருங்கள். புதுசுக்கு இரண்டு வாரம், பழுதுக்கு ஏழு வாரம். சரிபாதி அல்ல.

2013 நவம்பரில் லீனஸுக்கே ஒரு ஆசை வந்தது. ஒரே ஒரு பதிப்பு, புதுசு எதுவும் சேர்க்காமல் வெறும் பழுது மட்டும் பார்த்து, 4.0 என்று வெளியிட்டால் என்ன என்று யோசனை சொன்னார். 2015 ஏப்ரலில் 4.0 வந்தது. வழக்கம்போலப் புது வசதிகளோடுதான் வந்தது! ஏகாதசி விரதம் இருக்கப் போவதாக அறிவித்துவிட்டு உப்புமாவில் ஆரம்பிக்கிறோமே, அந்தக் கதை.

ஆனால் கதவு சாத்துகிற விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. 2025-ல் நடந்த சண்டை இது. பிகேஷ்எஃப்எஸ் என்று ஒரு ஃபைல் ஸிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் வருஷக்கணக்காக உழைத்து எழுதியது. ஜூன் மாதம், கதவு சாத்தியபின், டிஸ்க் கெட்டுப்போனவர்களுக்குத் தகவலை மீட்டுத் தரும் ஒரு சாதனத்தை அனுப்பினார். லீனஸ், இது புது வசதி, இப்போது பழுது பார்க்கும் நேரம் என்றார். கென்ட் கேட்டதும் நியாயம்தான்: ஒருவருடைய ஃபைல் போய்விட்டது, அதை மீட்டுக் கொடுப்பது வசதியா, பழுதா? தீப்பிடித்த வீட்டுக்கு ஏணி கொண்டுபோனால் 'ஏணி புதுசு, அடுத்த மாசம் வா' என்பீர்களா?

லீனஸ் பக்கமும் நியாயம் உண்டு. எல்லாருமே 'என்னுடையது ஏணி' என்றுதான் சொல்வார்கள். கடைசி நேரத்தில் சேர்த்த ஏணி உளுத்துப் போயிருந்தால்? அந்தத் தடவை வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த பதிப்போடு வழி பிரிந்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்தது. 2025 கடைசியில் வந்த 6.18-ல் அந்த ஃபைல் ஸிஸ்டமே லினக்ஸுக்குள் இல்லை. வெளியே தனிக்குடித்தனம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு வயசாகவில்லை. ஆனால் 'இது வசதியா, பழுதா?' என்ற கேள்வி அத்தனை சுலபமில்லை என்பது மட்டும் விளங்கியது.

* * *

கதவு சாத்துவதில் ஏன் இத்தனை கண்டிப்பு? புதுசு வரும்போது தனியாக வருவதில்லை. பரிவாரத்தோடு வருகிறது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்று ஒரு ப்ரோக்ராம். நாம் பாங்க் பாஸ்வேர்ட் அடிக்கும்போது நடுவில் யாரும் படிக்காமல் பூட்டுப் போட்டு அனுப்புகிற கூட்டத்தில் முக்கியமானது. 2011 டிசம்பர் 31-ஆம் தேதி, ஊரெல்லாம் நியூ இயர் கொண்டாடும் நேரத்தில், அதில் ஒரு சின்ன வசதி சேர்ந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களும் அவ்வப்போது 'இருக்கியா?', 'இருக்கேன்' என்று கேட்டுக்கொள்ளும் வசதி. ஒருவர் ஒரு செய்தி அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்வார். மற்றவர் அதை அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். அவ்வளவுதான்.

லாண்டரிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ரசீதை வாடிக்கையாளரே எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஒருவர் ஒரு சட்டை போட்டுவிட்டு ரசீதில் 64,000 சட்டை என்று எழுதுகிறார். கடைக்காரர் எண்ணிப் பார்க்காமல் ரசீதை மட்டும் பார்த்து, அவர் சட்டையோடு அலமாரியில் இருக்கும் ஊரார் சட்டையை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுகிறார். இதேதான் நடந்தது. ஒரு தடவை கேட்டால் 64 கிலோபைட் வரை நினைவகத்தில் இருப்பதை அள்ளிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், பூட்டின் சாவியே இருக்கலாம். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் இந்த ஓட்டை இருந்தது. உலகுக்குத் தெரிந்தது 2014 ஏப்ரல் 7-ல். இரண்டு வருஷம்! 'ஹார்ட்ப்ளீட்' என்று பெயர் வைத்தார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இத்தனை பெரிய பூட்டுக் கடையில் முழுநேர ஆள் ஒரே ஒருவர். வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தப் பூட்டைத்தான் இலவசமாக உபயோகித்துக்கொண்டிருந்தன. ஓட்டை தெரிந்த பிறகுதான் பர்ஸைத் திறந்தன. ஓப்பன் பி.எஸ்.டி.காரர்கள் இன்னொன்று செய்தார்கள். அந்தப் ப்ரோக்ராமைப் பிரதி எடுத்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளைக் கழித்துக் கட்டினார்கள். கழிப்பதும் ஒரு வேலைதான் சார். பரணைச் சுத்தம் பண்ணியவர்களுக்குத் தெரியும்.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே. இது ப்ரோக்ராம்களின் தினசரி நடப்பைக் குறித்துவைக்கும் குமாஸ்தா. 2013-ல் ஒருவர் கேட்டு, ஒரு வசதி சேர்த்தார்கள்: எழுதும் வரியில் ஒரு முகவரி இருந்தால், குமாஸ்தா அங்கே போய் விவரம் வாங்கி வருவார். எட்டு வருஷம் கழித்துதான் விபரீதம் விளங்கியது. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும் இடத்தில் எவனோ 'பீரோ சாவியை எடுத்து வா' என்று எழுத, குமாஸ்தா எழுந்துபோய் எடுத்து வருகிறார்! ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. அதைக் கவனித்து வந்த தன்னார்வலர்கள் தூக்கமில்லாமல் அந்த ஒரே மாதத்தில் நாலு பதிப்பு வெளியிட்டார்கள். அந்த வசதியை முன்பே எடுத்திருக்கலாமே என்றால், அதை நம்பி எங்கோ யாரோ இருப்பார்களே என்ற தயக்கம். வசதியைச் சேர்ப்பது கல்யாணம் மாதிரி. விலக்குவதற்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

* * *

அப்படியானால் புதுசே வேண்டாம், பழுது மட்டும் பார்த்தால் போதுமா? அப்படியும் ஒருவர் இருக்கிறார். டொனால்ட் க்னூத். கணிதப் புத்தகங்களை அழகாக அச்சுக் கோக்க 'டெக்' என்ற ப்ரோக்ராமை எழுதியவர். 1990-ல் இனி இதில் புது வசதி கிடையாது, தப்பு இருந்தால் மட்டும் திருத்துவேன் என்று அறிவித்தார். பதிப்பு எண் 3, பிறகு 3.1, பிறகு 3.14 என்று 'பை'யை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நகர்கிறது. 2021-ல் 3.141592653. அடுத்து அவர் தப்புகளைப் பார்க்கப்போவது 2029-ல், 91 வயதில். அவர் காலத்துக்குப் பிறகு எண்ணைச் சரியாக 'பை' என்று மாற்றிவிட வேண்டும், அதற்குமேல் மிச்சமிருக்கும் தப்புகள் எல்லாம் தப்பல்ல, வசதிகள் என்று எழுதிவைத்திருக்கிறார். இப்படி ஒரு உயிலை எந்த வக்கீலும் யோசித்திருக்க முடியாது.

அவர் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடித்தால் 2008 வரை 2.56 டாலருக்கு செக் எழுதித் தந்துகொண்டிருந்தார். 256 என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்கு நமக்கு நூறு மாதிரி. செக் வாங்கினவர்களில் நிறையப் பேர் பாங்கில் போடாமல் ஃப்ரேம் போட்டு மாட்டினார்கள். தப்புக் கண்டுபிடிப்பதற்கும் கைதட்டல் உண்டு என்று காட்டிய மனுஷர்.

ஆனால் எல்லாரும் க்னூத் ஆக முடியாது. டெக் நிலைத்ததற்கு ஒரு காரணம், அவர் அஸ்திவாரத்தை அசைக்காமல் நிறுத்தினார், மேலே மற்றவர்கள் மாடி கட்டிக்கொண்டார்கள். லாடெக், ஸீடெக் என்று. தமிழில் அச்சுக் கோக்க உதவுவதும் அந்த மாடிகளில் ஒன்றுதான்.

படங்களைத் திருத்தும் கிம்ப் இன்னொரு பாடம். 2012-ல் 2.8 வந்தது. அடுத்தது 2.10, 2018-ல். நடுவில் ஆறு வருஷம், வந்த சின்னப் பதிப்புகளில் பழுது மட்டும். புதுசு எல்லாம் 'பெரிய பதிப்பில் வரும்' என்று பரணில் கிடந்தது. எழுதியவனுக்கே தான் எழுதியது வெளியே வர ஆறு வருஷம் என்றால் எப்படி இருக்கும்? அதனால் 2.10-க்குப் பிறகு கொள்கையை மாற்றி, சின்னப் பதிப்புகளிலும் சின்னப் புதுசுகளை விட ஆரம்பித்தார்கள். 3.0 என்னவோ 2025 மார்ச்சில்தான் வந்தது. ஆனால் நடுவில் பட்டினி இல்லை.

ஆக, புதுசும் வேண்டும். வேண்டாம் என்றால் எழுதுகிறவன் போய்விடுவான்.

எழுதுகிறவன் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. எக்ஸ்ஸெட் என்று ஃபைல்களைச் சுருக்கும் ஒரு ப்ரோக்ராம். ஒரே ஒருவர், பொழுதுபோக்காக, சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்காகக் கவனித்துவந்தார். 2022-ல் சிலர் 'ஏன் இத்தனை மெதுவு? முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு' என்று நெருக்கினார்கள். அவர் களைத்திருந்தார். உதவிக்கு என்று ஒருவர் பணிவாக வந்தார். பொறுப்பு மெல்லக் கை மாறியது. 2024 பிப்ரவரியில் அந்த உதவியாளர் திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். மார்ச் 29-ல் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர் அதை வெளியிட்டார். லாகின் ஆவதற்கு அரை செகண்ட் கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதில் அகப்பட்டது. அரை செகண்ட்! என் சித்தப்பாவின் ஜாதி. ரெண்டு ரூபா போனா பரவால்ல, கணக்கு ஏன் போகுது?

* * *

இதற்கெல்லாம் பி.காம். என்ன சொல்கிறது?

இரண்டு விஷயம் சொல்கிறது. ட்ரயல் பேலன்ஸ் இடிக்கும்போது, வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு மேலே போகலாம். தப்பில்லை. ஆனால் அது தற்காலிகம். வருஷக் கடைசியில் சஸ்பென்ஸில் தொகை நின்றால் ஆடிட்டர் புருவத்தைத் தூக்குவார். மைத்துனனின் 23-ஆம் நம்பர் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட். அதை மூடாமல் புது லெட்ஜர் திறந்துகொண்டே போனோம்.

இரண்டாவது, தேய்மானம். லாபத்தைப் பங்கு போடுவதற்கு முன்பே, மெஷின் தேய்ந்ததற்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும். 'லாபம் மிஞ்சினால் ஒதுக்கலாம்' என்பவனுக்கு மிஞ்சாது. லினக்ஸின் ஏழு வாரம் அந்த ஒதுக்கீடுதான். ப்ரோக்ராம்காரர்களும் கணக்கு பாஷையில்தான் பேசுகிறார்கள்: வார்ட் கன்னிங்ஹாம் என்பவர் 1992-லேயே, அவசரமாக எழுதித் தள்ளுவதைக் கடன் என்றார். கட்டாமல் விட்டால் வட்டி ஏறும்.

ஆனால் இரண்டு புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கும்பகோணத்தில் கற்றுக்கொண்டேன். புது வசதி ஆறு மாதம் தள்ளிப்போனால், கேட்டவன் காத்திருக்கிறான். கேட்டவன் நான்தானே, காத்திருக்கட்டும். பழுது ஆறு மாதம் தள்ளிப்போனால், எதையும் கேட்காத எவனோ ஒருவன் அதற்குக் காசு கட்டுகிறான். அவனுக்கு ஓப்பன் ஸோர்ஸ் என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பான்.

மைத்துனனும் சிநேகிதர்களும் இப்போது பட்டியலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். காசு, தகவல், பாதுகாப்பு, இந்த மூன்றையும் தொடுகிற பழுது ஒன்று பாக்கி இருந்தாலும் புதுசு எதுவும் வெளியே போகாது. மற்றபடி மாதத்தில் முதல் வாரம் அவர்கள் இஷ்டம். மனசுக்குப் பிடித்த புதுசு எழுதலாம். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மீதி மூன்று வாரம் பழுது பார்க்கத் தெம்பு இருக்கிறது என்கிறான். சரியாகத்தான் படுகிறது. நான் என் நாலு கோரிக்கைகளையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒவ்வொரு வெள்ளோட்டத்தையும் நூறு பில் போட்டுச் சோதித்துச் சொல்கிறேன். ப்ரோக்ராம் எழுதத் தெரியாதவன் நீட்டக்கூடிய நல்ல கரண்டி அதுதான்.

23-ஆம் நம்பரைத் தீர்க்க அவனுக்கு எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா? நாற்பது நிமிஷம்.

சித்தப்பாவிடம் காரணத்தைச் சொன்ன அன்று அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலை டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு பையன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவன் ஒரு மொபைல் கடையில் சேர்ந்துவிட்டான். சம்பளமும் கூடுதல். "பரவால்ல முதலாளி" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தானாம். திரும்பி வரவில்லை. "காப்பில சர்க்கரை ஜாஸ்திடா" என்று மட்டும் சித்தப்பா என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து போன்.

"எழுத்தால ரூபா போடறது நல்லா இருக்கு. அதை எடுத்துடாதீங்க."

"எடுக்கலை சித்தப்பா. சரி பண்ணியாச்சு."

"இன்னொண்ணு. பில் தலையில பிள்ளையார் சுழி வரணும்."

"அது புது வசதி சித்தப்பா. அடுத்த மாசம் முதல் வாரம்தான் கதவு திறக்கும்."

"என்னது, வசதியா? பிள்ளையார் சுழி இல்லாம கணக்கு எழுதறது எவ்வளவு பெரிய தப்பு! அது பழுதுடா!"

மைத்துனனிடம் சொன்னேன். கேஸை லீனஸுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறான்.